2350 எப்படி 2035 ஆனது?

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் செய்து பார்க்கிற காரியம் ஒன்று உண்டு. வித்தியாசத் தொகையை ஒன்பதால் வகுப்பார்கள். மீதி இல்லாமல் வகுபட்டால், யாரோ எங்கேயோ இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். 54 என்று எழுதவேண்டிய இடத்தில் 45, 830க்குப் பதில் 380 என்கிற மாதிரி.

2350இல் இருந்து 2035ஐக் கழித்தால் 315. ஒன்பதால் வகுத்தால் சரியாக 35.

இவை ரூபாய்க் கணக்கு அல்ல, ஆண்டுகள். இமயமலையின் பனி எப்போது தீரும் என்பது பற்றிய ஆண்டுகள். இந்த இடமாற்றம் உலகத்தின் மிக முக்கியமான அறிவியல் அறிக்கை ஒன்றுக்குள் நுழைந்து, மூன்று வருடம் யார் கண்ணையும் பெரிதாக உறுத்தாமல் உட்கார்ந்திருந்தது. கண்டுபிடிக்கப்பட்டபோது பருவநிலை மாற்றமே பொய் என்று சிலர் கூத்தாடினார்கள். தவறே இல்லை என்று வேறு சிலர் கொஞ்ச நாள் அடம்பிடித்தார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் பனி தன் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தது.

ஐ.பி.சி.சி. எனப்படும் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2007இல் தன் நான்காவது மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. அதே வருடம் அல் கோருடன் சேர்ந்து அதற்கு அமைதி நோபல் பரிசும் கிடைத்தது. இந்த அறிக்கை ஒரே புத்தகம் அல்ல. முதல் பணிக்குழு வானிலை, கடல், பனி ஆகியவற்றின் இயற்பியலைப் பார்க்கிறது. இரண்டாவது பணிக்குழு அதனால் மனிதர்களுக்கும் உயிர்களுக்கும் என்ன பாதிப்பு என்று பார்க்கிறது. அந்த இரண்டாவது தொகுதி மட்டும் 900 பக்கங்களுக்கு மேல். அதன் பத்தாவது அத்தியாயம் ஆசியாவைப் பற்றியது. அதில் 493ஆம் பக்கத்தில்தான் விவகாரம்.

இமயமலையின் பனியாறுகள் (செய்தித்தாள்களில் பொதுவாகப் பனிப்பாறைகள் என்று எழுதுகிறார்களே, அவைதான்) உலகத்தில் வேறு எங்கும் இல்லாத வேகத்தில் பின்வாங்குகின்றன என்றும், இதே வேகம் தொடர்ந்தால் 2035க்குள் அல்லது அதற்கும் முன்பே அவை மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்றும் அந்தப் பக்கம் சொன்னது. அடுத்த வாக்கியம், அவற்றின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் இருந்து 2035க்குள் 1 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடும் என்றது.

இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும். முதலாவது 2035இல் ஒன்றுமே இருக்காது என்கிறது. இரண்டாவது அதே 2035இல் 1 லட்சம் சதுர கிலோமீட்டர் மிச்சம் இருக்கும் என்கிறது. இன்னும் வேடிக்கை, அதே பகுதியின் ஆரம்பத்திலேயே இமயமலைப் பனியாறுகளின் மொத்தப் பரப்பு சுமார் 30 லட்சம் ஹெக்டேர் என்று இருக்கிறது. நூறு ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். அப்படியானால் 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். 30 ஆயிரத்தை வைத்துக்கொண்டு 5 லட்சத்தில் இருந்து 1 லட்சமாக எப்படிச் சுருங்குவது? பக்கத்தில் இருந்த அட்டவணையிலும் ஒரு கோளாறு. குமாவோன் இமயத்தில் உள்ள பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது என்று போட்டு, ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1845க்கும் 1966க்கும் இடையில் 121 ஆண்டுகள். 2,840ஐ 121ஆல் வகுத்தால் 23.5 மீட்டர்தான் வரும். 135.2 வரவேண்டும் என்றால் 21ஆல் வகுக்கவேண்டும். நூறு ஆண்டுகள் கணக்கில் காணாமல் போய்விட்டன.

இதையெல்லாம் பிடிக்கப் பனியியல் படித்திருக்கவேண்டியதில்லை. ஒரு கால்குலேட்டர் போதும்.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? வவுச்சரைத் தேடிப் போவது போலப் பின்னோக்கிப் போனால் ஒரு நீண்ட சங்கிலி தெரிகிறது.

ஐ.பி.சி.சி. அறிக்கை காட்டிய ஆதாரம், டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பு நேபாளம், இந்தியா, சீனா பனியாறுகள் பற்றி 2005இல் வெளியிட்ட அறிக்கை. அது விஞ்ஞானிகள் சக விஞ்ஞானிகளின் பரிசோதனைக்கு விட்டு வெளியிடும் ஆய்வுக்கட்டுரை அல்ல, ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரசுரம். அந்த அறிக்கை காட்டிய ஆதாரம் 1999 ஜூன் மாத நியூ சயின்டிஸ்ட் பத்திரிகையில் வந்த ஒரு செய்திக்கட்டுரை. அதை எழுதிய நிருபர் ஃபிரெட் பியர்ஸ், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த பனியியலாளர் சையத் இக்பால் ஹஸ்னைனிடம் பேசி எழுதியது அது. ஹஸ்னைன் தலைமையிலான குழு இமயமலைப் பனியாறுகள் பற்றி 1999இல் சர்வதேசப் பனியியல் அமைப்புக்குக் கொடுத்த அறிக்கையில் 2035 என்ற ஆண்டே கிடையாது. பத்திரிகையில் வந்தது வெறும் ஊகம் என்று அவரே பிற்பாடு சொல்லிவிட்டார்.

நியூ சயின்டிஸ்டுக்கும் சில வாரம் முன்னால், 1999 ஏப்ரல் இறுதியில், டெல்லியில் இருந்து வரும் டவுன் டு எர்த் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஐ.பி.சி.சி. வாக்கியங்களின் வார்த்தைகள் இந்தக் கட்டுரையோடுதான் அதிகம் ஒத்துப்போகின்றன. 5 லட்சம், 1 லட்சம், 2035 மூன்றும் அதில் இருந்தன. அதற்கு மூலமாகக் காட்டப்பட்டவர் ரஷ்யப் பனியியலாளர் கோட்லியாக்கோவ். யுனெஸ்கோ 1996இல் வெளியிட்ட தொகுப்பில் அவர் எழுதியிருந்தது என்ன? துருவப் பகுதிகளுக்கு வெளியே உள்ள, உலகம் முழுவதற்குமான பனியாறுகளின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் இருந்து 1 லட்சமாகக் குறையலாம். இமயமலை மட்டும் அல்ல, உலகம் முழுவதும். ஆண்டு 2350.

ஆக, நான்கு கை மாறியதில் உலகம் இமயமலையாகிவிட்டது, 2350 என்பது 2035 ஆகிவிட்டது. வழியில் ஒருவர்கூடப் பின்னால் போய் மூலத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முந்தியவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். ஆடிட்டில் இதைவிடப் பழைய தவறு ஒன்று கிடையாது.

ஆனால் யாருமே கேள்வி கேட்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். ஐ.பி.சி.சி. அறிக்கைகளின் வரைவுகள் உலகம் முழுவதும் உள்ள நிபுணர்களுக்கும் அரசுகளுக்கும் அனுப்பப்படுகின்றன. அவர்கள் எழுதும் ஒவ்வொரு கருத்துக்கும் ஆசிரியர்கள் பதில் எழுதவேண்டும், அந்தப் பதில்கள் பிறகு பொதுவில் வைக்கப்படுகின்றன. இந்த ஏற்பாட்டால்தான் யார் என்ன கேட்டார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறது. இது மிக முக்கியமான அறிவிப்பாயிற்றே, இதற்கு எந்த அளவு உறுதி என்று ஜப்பான் அரசு கேட்டது. மறையும் என்று ஒரு வாக்கியமும் சுருங்கும் என்று அடுத்த வாக்கியமும் முரண்படுகின்றனவே என்று இஸ்ரேலில் இருந்து ஒரு ஆய்வாளர் எழுதினார். காரகோரம் மலைத்தொடரின் பெரிய பனியாறுகளுக்கு இது பொருந்தாது, அங்கே சில வளர்கின்றன என்று பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒருவர் ஆய்வுகளின் பெயரையும் கொடுத்தார். அந்த ஆய்வுகள் கைக்குக் கிடைக்கவில்லை, இறுதி வடிவத்தில் கவனிக்கிறோம் என்பது பதில். இறுதி வடிவத்தில் கவனிக்கப்படவில்லை. முதல் பணிக்குழுவில் பனி பற்றிய அத்தியாயத்தில் வேலை பார்த்த ஆஸ்திரியப் பனியியலாளர் ஜார்ஜ் காசர், அச்சுக்குப் போவதற்கு முன்பே, 2006இல், தான் எச்சரித்ததாகப் பின்னர் சொன்னார்.

அதாவது திருத்தம் கதவைத் தட்டியது. ஒரு முறை இல்லை, நாலு முறை. திறக்க ஆள் இல்லை. இதற்குச் சதி எல்லாம் தேவையில்லை. ஆயிரக்கணக்கான கருத்துகள், சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், நெருங்கும் கெடு தேதி. கடைசி வாரத்தில் புராஜெக்ட் எழுதிய யாருக்கும் இது புரியும். ஆனாலும் ஒரு வித்தியாசம், அந்த அத்தியாயத்தை நம்பி அரசாங்கங்கள் திட்டம் போடுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். பனியாறு என்பது கிட்டத்தட்ட ஒரு வங்கிக் கணக்கு. மேல்பகுதியில் பனிப்பொழிவு வரவு. கீழ்ப்பகுதியில் உருகுவது செலவு. வரவும் செலவும் சமமாக இருந்தால் பனியாறு அப்படியே நிற்கும். பனியியலாளர்கள் ஒவ்வொரு வருடமும் பனிக்குள் துளை போட்டு மூங்கில் கம்புகளை நட்டு, அடுத்த வருடம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து இந்தக் கணக்கை எழுதுகிறார்கள். நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் செய்கிற வேலை. இந்தியாவில் 9,575 பனியாறுகள் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பட்டியலிட்டது. அவற்றில் இப்படி வரவுசெலவு எழுதப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பனியாற்றின் நுனி எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும். நுனியைப் பார்த்துப் பனியாற்றின் நிலையைச் சொல்வது, கடையின் முகப்பைப் பார்த்து லாப நஷ்டம் சொல்வது மாதிரி. பெரிய பனியாறுகளில் நுனி பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நிலவரத்துக்கு இப்போதுதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த நுனி விஷயம் அடுத்து வரும் சண்டைக்கு முக்கியம்.

2009 நவம்பர் 9ஆம் தேதி, அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஒரு அறிக்கையை வெளியிட்டார். எழுதியவர் புவியியல் ஆய்வுத் துறையின் ஓய்வுபெற்ற துணைத் தலைமை இயக்குநர் வி.கே. ரெய்னா. இமயமலைப் பனியாறுகள் பின்வாங்குவது உண்மைதான், ஆனால் அசாதாரணமான வேகத்தில் எதுவும் நடக்கவில்லை, அதைப் புவி வெப்பமயமாதலோடு இணைப்பது அவசர முடிவு என்பது அவருடைய வாதம். கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. இந்தியா பேரம் பேசப் போகிற நேரத்தில் அமைச்சரே இப்படி ஒரு அறிக்கையை வெளியிட்டது சும்மா இருக்குமா?

ஐ.பி.சி.சி.யின் தலைவர் ராஜேந்திர பச்சௌரி கடுமையாகச் சீறினார். ரெய்னாவின் அறிக்கையை அவர் 'வூடூ சயின்ஸ்' என்றார். மாந்திரீக விஞ்ஞானம் என்று வைத்துக்கொள்ளலாம். சக ஆய்வாளர்களின் பரிசோதனைக்கு உட்படாத அறிக்கை என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. அது உண்மையும்கூட. ஆனால் அவர் காப்பாற்றிக்கொண்டிருந்த 2035க்கும் அந்தப் பரிசோதனை நடந்திருக்கவில்லை. இதுதான் இந்தக் கதையிலேயே மனசை உறுத்துகிற இடம். இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து 493ஆம் பக்கத்தைத் திறந்து வைத்து, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தால் ஒரு மத்தியான நேரத்தில் முடிந்திருக்கும். தகவல் சரியா என்ற கேள்வி, நீ எந்தக் கட்சி என்ற கேள்வியாக மாறிவிட்டது. ரெய்னா வெப்பமயமாதலை மறுக்கிறவர் போல, பச்சௌரி பீதி கிளப்புகிறவர் போல.

உண்மையில் இருவர் பக்கமும் பாதி பாதி. பனியாறுகள் 2035க்குள் மறையாது என்பதில் ரெய்னா சரி. வெப்பமயமாதலோடு இணைக்க முடியாது என்பதில் அவருடைய ஆதாரம் மெலிந்தது. அவர் பார்த்தது இரண்டு டஜன் பனியாறுகள் அளவுக்குத்தான், அதிலும் பெரும்பகுதி நுனியின் அளவுகள். பச்சௌரியைப் பொறுத்தவரை, பனி உருகுகிறது, அதற்கு மனிதர்கள் காரணம் என்ற பெரிய படம் சரி. அவர் அமைப்பின் அறிக்கையில் இருந்த ஆண்டு அபத்தம்.

கணக்கை நேர்மையாக முடித்து வைத்த வேலை வேறு இடத்தில் நடந்தது. கனடாவின் டிரெண்ட் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் கிரஹாம் காக்லி சங்கிலியைப் பின்தொடர்ந்து போய் 1996 யுனெஸ்கோ தொகுப்பில் 2350ஐக் கண்டார். 2009 டிசம்பர் 5ஆம் தேதி பத்திரிகையாளர் பல்லவ பாக்லா இதை பி.பி.சி.க்கு எழுதினார். அப்போதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2010 ஜனவரி 17இல் லண்டன் சண்டே டைம்ஸ் எழுதியபிறகுதான் தீப்பிடித்தது. மூன்று நாளில், ஜனவரி 20ஆம் தேதி, ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது. அந்தப் பத்தி போதிய ஆதாரமில்லாத மதிப்பீடுகளை நம்பி எழுதப்பட்டது, நிறுவனத்தின் விதிகள் அங்கே சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அதே மாதக் கடைசியில் காக்லி, காசர் உட்பட நான்கு பனியியலாளர்கள் சயின்ஸ் இதழில் ஒரு கடிதம் எழுதி மொத்தச் சங்கிலியையும் விரித்து வைத்தார்கள். 2035க்குள் எல்லாம் மறையவேண்டும் என்றால் 1999க்குப் பிறகு பனி இழப்பு, 1960 முதல் 1999 வரை இருந்த வேகத்தைப் போல 25 மடங்காகியிருக்கவேண்டும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கவனிக்கவேண்டியது, திருத்தியவர்கள் வெப்பமயமாதலை மறுக்கிறவர்கள் அல்ல. பனி உருகுவதை வாழ்நாள் முழுக்க அளந்தவர்கள்.

இப்படித் தெளிவாக முடிந்த பிறகும் கூச்சல் அடங்கவில்லை. அதற்கு நேரமும் ஒரு காரணம். 2009 நவம்பரில்தான் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தின் பருவநிலை ஆய்வுப் பிரிவில் இருந்து மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியாகியிருந்தன. அந்தச் சூட்டில் இதுவும் சேர்ந்தது. ஒரு பத்தி தவறு என்றால் 3,000 பக்கமும் தவறு என்று எழுதினார்கள். 2035 என்ற ஆண்டு, அரசுகளுக்கான சுருக்க அறிக்கையில் இடம்பெறவே இல்லை என்பதையோ, பனி பற்றிய முதல் பணிக்குழுவின் அத்தியாயத்தில் அது இல்லை என்பதையோ யாரும் கேட்கத் தயாராக இல்லை. இந்தியா ஐ.பி.சி.சி.யை விட்டு விலகுகிறது என்றுகூடச் செய்தி வந்தது. அப்படி எதுவும் இல்லை. அந்த பிப்ரவரியில் டெல்லி மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங் ஐ.பி.சி.சி.க்கு ஆதரவாகவே பேசினார். நெதர்லாந்தின் 55 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று அதே அறிக்கையில் இருந்த இன்னொரு தவறும் அப்போதுதான் கிளம்பியது. சரியான கணக்கு 26 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே, மேலும் 29 சதவீதம் ஆற்று வெள்ளத்துக்கு ஆளாகக்கூடியது. இரண்டையும் கூட்டி ஒரே தலைப்பில் எழுதிவிட்டார்கள். அந்த எண்ணைத் தந்த டச்சு அரசு நிறுவனம் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சத்தமே இல்லை.

எதிர்ப்பக்கத்தில் தவறு நடந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தால்தான் நியாயம். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில், ஹன்ட்ஸ்வில் நகரில், ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் என்று இரண்டு விஞ்ஞானிகள். 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்த மைக்ரோவேவ் கதிர்வீச்சை வைத்துக் காற்றுமண்டலத்தின் வெப்பநிலையைக் கணக்கிட முடியும் என்று காட்டியவர்கள். 1990இல் வந்த அவர்கள் கட்டுரை, தரையில் வெப்பமானிகள் காட்டும் ஏற்றம் மேலே காற்றில் தெரியவில்லை என்றது. வெப்பமயமாதலைச் சந்தேகிக்கிறவர்களுக்குப் பல வருடம் இதுதான் பிரம்மாஸ்திரம்.

கலிபோர்னியாவில் இருந்த ஃபிராங்க் வென்ட்ஸ், மத்தியாஸ் ஷேபல் இருவரும் 1998இல் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். செயற்கைக்கோள்கள் மெல்லிய காற்றின் உராய்வால் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகின்றன. இறங்கினால் பார்க்கும் கோணம் மாறும், கோணம் மாறினால் இல்லாத குளிர்ச்சி ஒன்று கணக்கில் ஏறும். 2005இல் கார்ல் மியர்ஸ், வென்ட்ஸ் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள். செயற்கைக்கோள் ஒரே இடத்தைத் தினமும் ஒரே நேரத்தில் கடக்கவேண்டும். ஆனால் அந்த நேரம் வருடக்கணக்கில் நழுவுகிறது. நேரம் நழுவினால் பகல் சூடும் இரவுக் குளிரும் கலந்துவிடும், அதற்கு ஒரு திருத்தம் போடவேண்டும். அலபாமாக்காரர்கள் போட்ட திருத்தம் வெப்பமண்டலப் பகுதியில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் ஆகியிருந்தது!

கிறிஸ்டியும் ஸ்பென்சரும் இதை மறுக்கவில்லை. தவறு என்று ஒப்புக்கொண்டு, எண்களைத் திருத்தி வெளியிட்டார்கள். பத்தாண்டுக்கு 0.09 டிகிரி என்று இருந்த ஏற்றம் 0.12 ஆனது. பெரிய ஆபத்து இல்லை என்ற தங்கள் கருத்தை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை, அது வேறு. ஆனால் கருத்தும் கணக்கும் வேறு வேறு என்று பிரித்து வைத்தார்கள். 2007இல் நாசாவின் கோடார்ட் மையமும் இப்படிச் செய்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரவுகளில் ஒரு செயற்கைத் தாவல் இருப்பதைக் கனடாக்காரர் ஸ்டீவ் மெக்கின்டயர் சுட்டிக்காட்டினார். அவர் விஞ்ஞானிகளைத் துளைத்தெடுக்கும் விமர்சகர், அவர்களுக்கு ஆகாதவர். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததும் திருத்தினார்கள். அமெரிக்க எண்கள் சற்றுக் குறைந்தன. உலகச் சராசரியில் மாற்றம் கண்ணுக்கே தெரியாத அளவு, ஏனென்றால் அலாஸ்கா தவிர்த்த அமெரிக்கா பூமிப் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் இமயமலை விவகாரத்தில் விஞ்ஞானத்தைவிட நிர்வாகம்தான் தோற்றது என்று தோன்றுகிறது. அலபாமாவில் தவறைச் சொன்னவருக்கு யாரிடம் சொல்வது என்று தெரிந்திருந்தது, கேட்டவருக்குத் திருத்தவும் அதிகாரம் இருந்தது. ஐ.பி.சி.சி.யில் அச்சான பிறகு ஒரு தவறைச் சொல்ல முகவரியே கிடையாது. அறிக்கை முடிந்ததும் ஆசிரியர்கள் தங்கள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பிவிடுவார்கள். பேசுவதற்கு மிஞ்சியவர் தலைவர் ஒருவர்தான். அவரோ ஏற்கெனவே வாயை விட்டுவிட்டார்.

இதைச் சரிசெய்ய 2010 மார்ச்சில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூனும் பச்சௌரியும் சேர்ந்து உலக அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பிடம் தணிக்கை கேட்டார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஹரால்ட் ஷாபிரோ தலைமையிலான குழு ஆகஸ்ட் இறுதியில் அறிக்கை கொடுத்தது. மதிப்பாய்வு ஆசிரியர்கள் ஒவ்வொரு முக்கியக் கேள்விக்கும் பதில் வந்ததா என்று உறுதி செய்யவேண்டும், ஆய்விதழ்களில் வராத ஆதாரங்களைத் தனியே அடையாளம் காட்டிச் சோதிக்கவேண்டும், தலைவர் ஒரு மதிப்பீட்டுக் காலத்துக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். அடுத்த ஆண்டு, 2011 மே மாதம் அபுதாபி கூட்டத்தில், வெளிவந்த அறிக்கைகளில் தவறு இருப்பதாக யார் சொன்னாலும் அதை எப்படிப் பதிவு செய்து, யார் பரிசீலித்து, எப்படித் திருத்துவது என்று ஒரு நடைமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. கணக்குப் பாடத்தில் பிழை திருத்தப் பதிவு என்று ஒரு அத்தியாயமே உண்டு. நோபல் பரிசு வாங்கிய அமைப்புக்கு அது 23 வருடம் கழித்துத்தான் வந்தது.

பனியாறுகள் என்ன ஆயின? சர்ச்சையால் ஒரு நல்லது நடந்தது, எல்லோரும் அளக்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்த சில முடிவுகள் சந்தேகவாதிகளைக் குஷிப்படுத்தின. 2012இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, புவியீர்ப்பை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்களை வைத்து, ஆசிய உயர்மலைகளில் 2003 முதல் 2010 வரை பனி இழப்பு ஆண்டுக்கு வெறும் 4 கிகா டன்தான் என்றது. ஆனால் கூடுதல் குறைவாக 20 கிகா டன் பிழை வரம்பு இருந்தது, அதைத் தலைப்புச் செய்திகள் விட்டுவிட்டன. அடுத்த வருடமே வேறொரு குழு பல முறைகளைச் சேர்த்துப் பார்த்து அதை 26 என்று திருத்தியது. 2019இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. பனிப்போர்க் காலத்து அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களைப் பொதுவில் விட்டார்கள் அல்லவா, அவற்றில் இருந்து இமயமலையின் 650 பனியாறுகளின் முப்பரிமாண உருவத்தை மீட்டெடுத்து இன்றைய அளவுகளோடு ஒப்பிட்டார்கள். 1975 முதல் 2000 வரை சராசரியாக ஆண்டுக்குக் கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீருக்குச் சமமான பனி போயிருந்தது. 2000 முதல் 2016 வரை அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே ஆண்டு காத்மாண்டுவில் உள்ள இசிமோட் மையத்தின் மதிப்பீடு, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயப் பகுதியின் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 2100க்குள் போய்விடும் என்றது. இப்படியே போனால் மூன்றில் இரண்டு பங்கு.

தண்ணீர்க் கதையும் திருத்தப்பட்டது. பனியாறு போனால் கங்கை வற்றிவிடும் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். கங்கையில் ஓடுவதில் பெரும்பகுதி பருவமழைத் தண்ணீர். உருகும் பனியை மிக அதிகமாக நம்பியிருப்பது சிந்து நதி. பாகிஸ்தானின் கோதுமை வயல்களுக்கு வசந்தத்திலும் கோடையிலும் வரும் தண்ணீரில் கணிசமான பங்கு மலையில் உருகி வருவது. கவலைப்படவேண்டிய இடம் மாறியது, கவலை போய்விடவில்லை.

அந்த நியூகாசில் மதிப்பாய்வாளர் 2006இல் சொன்ன காரகோரம்? அவர் சொன்னது சரி. 2012இல் வந்த ஆய்வுகள் அங்கே பனியாறுகள் கிட்டத்தட்ட சமநிலையில் இருப்பதை, சில இடங்களில் சற்றே கனம் கூடியிருப்பதையும் உறுதி செய்தன. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று கொட்டும் பனி, கோடையில் மற்ற இடங்களைப் போல் ஏறாத வெப்பம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். ஆனால் உலகத்தின் எல்லாப் பனியாறுகளையும் 2000 முதல் 2019 வரை ஒரே முறையில் அளந்து 2021இல் வெளியான ஆய்வில், கடைசிப் பத்தாண்டில் காரகோரமும் மெலியத் தொடங்கியிருக்கிறது.